கிளட்ச் எங்கேடா?

என் பால்ய நண்பன் போன மாதம் போர்ஷே 911 வாங்கிவிட்டான். (எப்படி என்று கேட்காதீர்கள். பி.காமில் எனக்குப் பின் பெஞ்ச். என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன்!)

வாங்கின கையோடு மாம்பலத்தில் என் மாமா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். காரணம் உண்டு. சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது மாமாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நம்ம வண்டலூரில் தயாரான வண்டி. மாமாவுக்கு இப்போது 78 வயது. இரண்டு வருஷம் முன்பு இடது முழங்காலில் ஆபரேஷன். அதிலிருந்து கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. ஹெரால்டு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. "வித்துடலாம் மாமா, புத்தக மதிப்பு எப்பவோ பூஜ்யம்" என்று யோசனை சொன்ன புண்ணியவான் அடியேன்தான். வாங்க ஆளும் பார்த்தாகிவிட்டது.

ஹெரால்டுக்கு ஒரு தம்பி உண்டு. இது மாமா எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன கதை. 1962-ல் இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி, ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக வெட்டி, இரண்டே சீட் வைத்து, துணிக்கூரை போட்டு, ஸ்பிட்ஃபயர் என்று பெயரிட்டது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலிக்காரர். ஸ்பிட்ஃபயருக்கு 1147 சி.சி. எஞ்சின், 63 குதிரை சக்தி. எடை 700 கிலோ சொச்சம். 60 மைல் வேகத்தைத் தொட 17 வினாடி பிடிக்கும். இன்றைக்குக் கறிகாய் வாங்கப் போகிற கார்கூட அதை ஓரங்கட்டிவிடும்!

ஆனால் அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதுதான் ஸார். எம்.ஜி., லோட்டஸ் எல்லாம் அதே ரகம். லேசான உடம்பு, முகத்தில் காற்று, ரோட்டில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். ஸ்பிட்ஃபயரில், வளைவில் பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டீர்களோ, பின்சக்கரம் மடங்கி, வால் தனியாகக் கிளம்பிவிடும். வேகம் குறைச்சல், வேலை ஜாஸ்தி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈ.சி.ஆரில் கிளம்பினோம். மாமா முன்னால். பின்னால் சீட் என்று ஒன்று இருக்கிறது, அதில் என்னை மடித்து வைத்தார்கள். நண்பன் மிதித்தான். நாலே வினாடியில் 100! சாப்பிட்ட இட்லி முதுகுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

நான் காமர்ஸ்காரன். மடங்கிக் கிடந்தாலும் மனசு கணக்குப் போட்டது. ஸ்பிட்ஃபயரில் ஒரு குதிரை 11 கிலோவை இழுக்கவேண்டும். 1964-ல் வந்த முதல் 911-ல் 130 குதிரை, 1,080 கிலோ. ஆக, எட்டு கிலோ. இவன் வண்டியிலோ கிட்டத்தட்ட 390 குதிரை. ஏ.சி., ஏர்பேக், மோதினால் தாங்கும் இரும்பு எல்லாம் சேர்ந்து எடை 1,500 கிலோவைத் தாண்டியும், ஒரு குதிரைக்கு நாலே கிலோ. வண்டி வழுக்கினால் கம்ப்யூட்டரே பிரேக் போட்டு நேராக்குகிறது. எல்லாம் வரவுதான்.

செலவுப் பக்கம்? ஸ்டீயரிங்குக்கு 2011 தலைமுறையிலிருந்தே மின்சார மோட்டார். கியரை இயந்திரமே மாற்றிக்கொள்கிறது. 2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 காரில் எஞ்சின் சத்தத்தையே ஸ்பீக்கரில் போட்டார்கள். நாதஸ்வரக்காரரை அனுப்பிவிட்டு கேசட்டில் கெட்டிமேளம் வைக்கிற மாதிரி! இதையெல்லாம் மாமா காதில் போட வாயைத் திறந்தேன்.

அதற்குள் முட்டுக்காடு தாண்டி ஓரங்கட்டிய நண்பன், "மாமா, நீங்க ஓட்டுங்க" என்றான்.

மாமாவின் இடது கால் பழக்கதோஷத்தில் தரையைத் துழாவியது.

"கிளட்ச் எங்கேடா?"

"கிடையாது மாமா. வலது கால் போதும்."

மாமா அவனையே பார்த்தார். பிறகு ஓட்டினார். 60-க்கு மேல் போகவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. இரண்டு வருஷமாக நான் பார்க்காத முகம். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இறங்கியதும் நண்பன் ஆசையாக, "எப்படி மாமா?" என்றான்.

"ராஜா மாதிரி இருந்ததுடா. ஆனா என்னை எதுவுமே கேக்கலை, அதுபாட்டுக்குப் போச்சு."

வீட்டுக்கு வந்ததும் நேரே ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தார்.

"அட்வான்ஸ் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லை மாமா."

"வாங்காதே. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். உன் கால் நல்லாத்தானே இருக்கு?"

பாட்டரி இறங்கியிருந்தது. போர்ஷே முதலாளி வேர்க்க விறுவிறுக்கப் பின்னாலிருந்து தள்ள, நான் செகண்ட் கியரில் கிளட்ச்சை விட, ஹெரால்டு இருமிக்கொண்டு உயிர் பெற்றது. தெருமுனைக்குள் மூன்று தடவை நின்றது, மூன்று தடவையும் நண்பன் தள்ளினான். முனையில் ஒரே வீச்சில் யூ டர்ன் அடித்தேன். ஹெரால்டுக்கு அதற்கு 25 அடி போதும்.

மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டி நண்பனிடம் கத்தினார்: "உன் வண்டி இப்படித் திரும்புமாடா?"