பிரம்மபுத்திரா நடுவே ஒரு பாகவத அரங்கு

பாகவதத்தை ஓதுவோர் உண்டு. செவியாரக் கேட்போர் உண்டு. அதைக் கண்ணாரக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் ஓடமேறி ஆற்றைக் கடக்கும் அடியார் கூட்டமும் நம் பாரத நாட்டில் உண்டு. அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திராவின் மடியில் கிடக்கும் மஜூலித் தீவே அவர்கள் நாடிச் செல்லும் தலம். நாடகத்தையே பூஜையாக நடத்தும் ஊர் அது.

இத்தீவின் பெருமைக்கு வித்திட்டவர் மகான் ஸ்ரீமந்த சங்கரதேவர். 1449-ஆம் ஆண்டு நகாவ் பகுதியிலுள்ள பர்தோவாவில் அவதரித்தவர். கண்ணன் ஒருவனையே சரணடைவதும், அவன் நாமத்தைச் சொல்வதுமே எல்லாருக்கும் போதுமான வழி என்று உபதேசித்தார். எழுத்தறியாத உழவனுக்கும் ஓடக்காரனுக்கும் பாகவதம் எவ்வாறு போய்ச் சேரும் என்று எண்ணிய அம்மகான், நாடகங்களை இயற்றினார். அவற்றை 'அங்கீய நாட்' என்றும், அவற்றை நடித்துக் காட்டுவதை 'பாவனா' என்றும் வழங்குவர். காளிய தமனம், ருக்மிணி ஹரணம், பாரிஜாத ஹரணம், ஸ்ரீராம விஜயம் முதலியவை அவர் அருளியவை. மைதிலியும் அஸ்ஸாமியமும் கலந்த விரஜாவளி என்னும் மொழியில் அமைந்த அந்நாடகங்கள் ஐந்நூறு ஆண்டுகளாகியும் இன்றும் நடிக்கப்படுகின்றன.

சங்கரதேவர் மஜூலியில் தங்கியிருந்தபோதுதான் அவருடைய தலைமைச் சீடரான மாதவதேவர் அவரைச் சந்தித்தார். அன்னை பராசக்தியின் உபாசகராக வாதம் புரிய வந்தவர், வாதத்தின் முடிவில் குருவின் திருவடிகளில் விழுந்தார். மணியும் பொன்னும் சேர்ந்தாற்போன்ற அச்சந்திப்பை 'மணிகாஞ்சன யோகம்' என்று அஸ்ஸாமிய வைணவர்கள் போற்றுகின்றனர்.

மஜூலிக்குச் செல்ல ஜோர்ஹாட் நகருக்கு அருகிலுள்ள நிமாட்டி படித்துறையில் ஓடமேற வேண்டும். முற்காலத்தில் பாய்மரமும் துடுப்பும் செலுத்திய வழியில் இப்போது இயந்திர ஓடங்கள் ஓடுகின்றன. ராஸ பௌர்ணமியை ஒட்டி நாங்கள் சென்ற ஓடத்தில் பயணிகளோடு மிதிவண்டிகளும் மோட்டார் வாகனங்களும் காய்கறிக் கூடைகளும் ஏறின. மழைக்காலம் முடிந்து நீர் வடிந்திருந்தபடியால் இருபுறமும் வெண்மணல் திட்டுகள் தெரிந்தன. ஓட்டுநர் அவற்றுக்கிடையே ஆழமான நீரோட்டம் பார்த்து வளைந்து வளைந்து செலுத்தினார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கமலாபாரி துறை வந்து சேர்ந்தது.

தீவெங்கும் 'சத்ரா' எனப்படும் வைணவ மடங்கள் உள்ளன. நம் ஊர்ச் சத்திரம் போல வழிப்போக்கர் தங்கும் இடமன்று. குருவும் சீடர்களும் கூடி வாழும் திருமடம் அது. 1653-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆவுனியாட்டி சத்ராவில், பூரி ஜகந்நாத க்ஷேத்திரத்திலிருந்து எழுந்தருளிய கோவிந்தனைச் சேவிக்கலாம். சாமகுரி சத்ராவில் நாடக முகமூடிகள் செய்கின்றனர். மூங்கிலைப் பின்னி உருவம் சமைத்து, களிமண்ணில் தோய்த்த துணியைப் போர்த்தி, களிமண்ணும் சாணமும் கலந்து பூசி, உலர்ந்தபின் வண்ணம் தீட்டுகிறார்கள். பூதனையும் பகாசுரனும் காளியனும் அவ்விதமே அங்கு பிறக்கின்றனர்.

அன்றிரவு ஒரு சத்ராவின் நாமகரில் 'காளிய தமனம்' கண்டோம். நாமகர் என்பது நாம சங்கீர்த்தனத்திற்குரிய நீண்ட மண்டபம். அதன் கோடியில், விக்கிரகம் இருக்க வேண்டிய பீடத்தில் பாகவத நூலையே எழுந்தருளச் செய்து வணங்குகின்றனர். உயர்ந்த மேடை கிடையாது. நடுவில் நடிகர்கள், இருமருங்கும் தரையில் பக்தர்கள். முதலில் வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்த இசைக்குழுவினர் 'கோல்' எனும் மத்தளத்தையும் பெருந்தாளங்களையும் முழக்கி ஆடினர். பிறகு சூத்திரதாரர் வந்து வடமொழியில் நாந்தி கூறினார். நம் தெருக்கூத்தின் கட்டியக்காரரைப் போலக் கதையை எடுத்துரைக்கும் அவர், இறுதிவரை அரங்கை விட்டு அகல்வதில்லை.

பாலகிருஷ்ணனாக வேடமணிந்த சிறுவன் விளக்கு வரிசையின் நடுவே வந்தபோது, பக்தர்கள் தரையில் தலை பதித்து வணங்கினர். வந்தவன் ஊரார் வீட்டுப் பிள்ளை என்பதை எல்லாரும் அறிவர். ஆயினும் அந்நேரத்தில் அவன் கண்ணனே. தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியன்று பாகவத மேளா கண்ட அன்பர்களுக்கு இவ்வுணர்வு புதிதன்று.

நஞ்சு கலந்த நீரில் கண்ணன் குதிக்கிறான். காளியனின் படங்கள் மீது நடமாடுகிறான். நாகபத்தினிகள் கைகூப்பிக் கெஞ்ச, அவனைக் கொல்லாமல் கடலுக்கு அனுப்பிவிடுகிறான். நதி மீண்டும் மக்களுக்கு உரியதாகிறது. அந்தக் கட்டத்தில் முதியோர் பலரும் கண்ணீர் சொரிந்தனர்.

அக்கண்ணீரின் பொருள் மறுநாள் கரையோரம் சென்றபோது விளங்கிற்று. மஜூலியை பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் அரித்துக்கொண்டே வருகிறது. 1950-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பின் ஆற்றின் போக்கு மாறி, அரிப்பு மிகுந்தது. முன்பு 1,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்த தீவு, இன்று அதில் பாதியளவுகூட இல்லை. எத்தனையோ கிராமங்களும் வயல்களும் நீரில் மறைந்தன. குருவும் சீடரும் சந்தித்த அப்புனிதத் தலமும் ஆற்றோடு போய்விட்டது. பல சத்ராக்கள் இடம்பெயர்ந்தன. சில தீவை விட்டே வெளியேறின.

இடம்பெயர்ந்தவர்கள் எங்கு சென்றாலும் முதலில் ஒரு நாமகரை எழுப்புகின்றனர். பாகவத ஏட்டையும் மத்தளங்களையும் உடன் எடுத்துச் செல்கின்றனர். பாட்டும் அடவும் பிள்ளைகளின் நெஞ்சில் இருக்கின்றன. அவற்றை வெள்ளம் தீண்டுவதில்லை. முதுமையில் வீடு, நிலம், உற்றார் என்று ஒவ்வொன்றாக விட்டுவர நேர்ந்த நம் போன்றோர்க்கு, இத்தீவு மக்கள் ஓர் ஆறுதல். மண் போயினும் நாமம் போவதில்லை என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டுகிறார்கள்.

யாத்திரை செல்ல விரும்பும் அன்பர்கள் ராஸ பௌர்ணமியை முன்கூட்டிப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வது நலம். நம் கணக்கில் அது சில ஆண்டு ஐப்பசியிலும் சில ஆண்டு கார்த்திகையிலும் வரும். அவ்வமயம் தங்குமிடம் கிடைப்பது அரிதாகலின் முன்பதிவு அவசியம். இரவில் பனி இறங்கும். கம்பளியும், தரையில் அமர ஒரு விரிப்பும் வேண்டும். கடைசி ஓடம் மாலைக்குள் புறப்பட்டுவிடும் என்பதால் பகற்பொழுதிலேயே துறையை அடைய வேண்டும். முழங்கால் வலி உடையோர் ஓடத்தில் ஏறி இறங்கத் துணையோடு செல்வது நன்று.

நாடகம் முடியும்போது, நடிப்பில் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருளுமாறு இறைவனை வேண்டி 'முக்தி மங்கள பட்டிமா' பாடப்படும். பாடி முடிந்ததும் பக்தர்கள் எழுந்து ஒரே குரலில் ஹரி நாமம் கூறுவர். வாய்ப்புள்ள அன்பர்கள் ஒரு முறையேனும் அங்கு சென்று, அக்குரலோடு தம் குரலையும் சேர்த்து வர மாயவன் அருள் புரிவானாக!