பறிமுதலான நாவல்

வகுப்பில் நான் பாரதியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சியில் ஒரு பெண் சத்தமில்லாமல் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக உபாத்தியாயினி வேலை பார்த்ததற்கு இன்றுதான் பலன் கிடைத்தது என்று ஒரு கணம் என் உள்ளம் பூரித்துப் போயிற்று. கிட்டப் போய்ப் பார்த்தபோதல்லவா விஷயம் வெளிப்பட்டது! பாடப் புஸ்தகத்துக்குள்ளே இன்னொரு சின்னப் புஸ்தகம் ஒளிந்திருந்தது. ரமணிசந்திரன் எழுதிய காதல் நாவல். அந்தப் பெண்ணின் கண்ணீருக்கும் பாரதிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் திருவொற்றியூரில், துறைமுகத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல், மூடினால் புழுக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே தமிழ் இலக்கியம் போதிக்கிறவளுக்குக் கோபம் சீக்கிரம் வந்துவிடுவதில் ஆச்சரியமில்லை. புஸ்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "இந்தக் குப்பையைப் படித்துத்தான் நாசமாய்ப் போகிறீர்கள்" என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். நாளைக்குத் தாயாரை அழைத்து வரவேண்டுமென்று கட்டளையிட்டேன்.

அன்றிரவு நடந்ததை நேயர்களிடம் மறைப்பானேன்? குற்றவாளியை விசாரிக்குமுன் சாட்சியத்தைப் பார்க்கவேண்டாமா என்ற நியாயத்தின் பேரில் அந்தப் புஸ்தகத்தைப் பிரித்தேன். மூடியபோது மணி ஒன்று.

ரமணிசந்திரன் 1938-ல் பிறந்தவர். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். பஸ் நிலையத்துக் கடைகளிலும் ரயிலடிக் கடைகளிலும் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்தில், அவர் பெயரைப் பார்த்துப் பணப்பையைத் திறந்த பெண்கள் எத்தனை ஆயிரம் பேரோ! இலக்கிய மண்டபங்களில் அவர் பெயரை உச்சரிப்பவர்கள் அபூர்வம். நானும் உச்சரித்தவளல்ல. அவர் கதைகளில் எனக்குள்ள குறை இன்றும் குறைதான். இருபதாம் பக்கத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் ஐந்து நிமிஷம் மனம் விட்டுப் பேசியிருந்தால் மிச்சப் பக்கங்களுக்கு அவசியமே இராது. செல்வமும் அழகும் முன்கோபமும் ஒருங்கே வாய்த்த அந்தக் கதாநாயகர்களை எண்ணூரிலோ ராயபுரத்திலோ நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் அந்தக் கதாநாயகி தன்னை ஒருவன் இழிவாகப் பேசினால் பொறுத்துக்கொள்வதில்லை. அவள் சம்பாதிக்கிறாள், கேள்வி கேட்கிறாள், வெளியே போ என்றால் போய்விடுகிறாள். அவன்தான் பின்னால் தேடிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள ஒரு நாள் பிடித்தது.

மறுநாள் தாயார் வந்தார். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்துத் திருவொற்றியூர்ச் சந்தையில் விற்கிறவர். வியாபாரத்தை முடித்துக்கொண்டு நேரே வந்திருந்தார்.

"டீச்சரம்மா, பொண்ணு மேல தப்பில்ல. அது என் புக்கு. தெரியாம எடுத்தாந்துடுச்சி."

"நீங்களா படிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியில் இருந்த திமிர், வாயை விட்டு வெளியே வந்த பிறகே எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"அஞ்சாவதோட நின்னுட்டேன். கண்ணாலம் ஆனப்ப எழுத்தே மறந்து பூட்ச்சி. பக்கத்து வீட்டு அக்கா இந்த மாதிரி புக்கு குடுத்தாங்க. மொத புக்கு படிக்க ரெண்டு மாசம் ஆச்சி. இப்ப போட்டு வர்றதுக்குள்ள முப்பது பக்கம் படிச்சிடுவேன். சீக்கிரம் குடுங்க டீச்சரம்மா, பத்து வூடு சுத்தற புக்கு இது."

புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் அடையாளத்துக்காக அவர் வைத்திருந்த பஸ் டிக்கெட்டு நினைவுக்கு வந்தது. இரவு படித்த அவசரத்தில் அது எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. அசடு வழிய அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப நீங்களும் படிச்சிட்டீங்களா? முடிவ சொல்லிடாதீங்க!" என்றார். பிறகு, பக்கங்களைப் புரட்டி, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போய், விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

போகிற போக்கில் அவருடைய பார்வை தாழ்வாரத்துச் சுவரில் நின்றது. தேச சேவை செய்த பெண்மணிகளின் படங்களை அங்கே மாட்டி வைத்தவள் நானேதான். "இந்தம்மா யாரு?" என்று ஒரு படத்தைக் காட்டினார்.

ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள். ஒவ்வோர் ஆகஸ்டு பதினைந்தாம் தேதியும் நான் பேசுகிற பேச்சை ஒப்பித்தேன். மகாத்மாவைத் தரிசித்தவர், பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தவர், மறியல் செய்து சிறை சென்றவர், பத்திரிகை நடத்தியவர், நாவலாசிரியை...

"கதை எய்துனாங்களா? இன்னா கதை?"

எனக்குப் பேச்சு எழவில்லை. கல்லூரி நாட்களில் அவருடைய நாவல் ஒன்றைப் பதினாறு பக்கம் வாசித்து, "பழங்காலத்துக் காதல் கதை" என்று மூடி வைத்தவள் நான். பரீட்சைக்கு அவர் பிறந்த வருஷம் தெரிந்தால் போதுமாயிருந்தது.

அந்த வருஷம் 1901. ஊர், காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூர். கைக்குழந்தையாயிருக்கையிலே தாயை இழந்தார். 1907-ல், ஆறு வயதுகூட நிரம்பாமல், திருவல்லிக்கேணி வை. மு. பார்த்தசாரதிக்கு வாழ்க்கைப்பட்டார். பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்ததில்லை. குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்வதில் மட்டும் நிகரற்றவர். கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்துத் தாமும் ஒரு நாடகம் செய்யவேண்டுமென்ற ஆசை பிறந்தது. ஆனால் சரளமாக எழுதத் தெரியாதே! தோழி பட்டம்மாள் ஏட்டை எடுத்துக்கொண்டு உட்கார, கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல உருவாயிற்று 'இந்திர மோகனா'. அது 1924-ல் அச்சேறியது.

எழுதத் தெரியாத ஒரு பெண் ஆசிரியை ஆனாள் என்பதை இத்தனை வருஷமாக மேடையில் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அது நிகழ்ந்தது கதை ஆசையினால்தான் என்பது மீன் விற்கும் ஓர் அம்மாள் எதிரில் நின்றபோதுதான் உறைத்தது.

அடுத்த வருஷமே, துப்பறியும் நாவல்களால் பிரசித்தி பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கத்தால், நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். 'வைதேகி' அதில் தொடர்கதையாக வந்தது. மொத்தம் 115 நாவல்கள்! காதல், குடும்பக் கலகம், மர்மம், இடையிடையே விதவைகளின் துயரம், மதுவின் கேடு. தற்செயலான சந்திப்புகளுக்கும் உபதேசங்களுக்கும் பஞ்சமே இல்லை. 'அனாதைப் பெண்' 1938-ல் ஜுபிடர் பிக்சர்ஸாரால் சினிமாவாகவும் வந்தது. ஒருத்தி உரக்க வாசிக்க, வாசிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது அக்காலத்து வீடுகளின் வழக்கம். பெண் நாவல் படிப்பதே கெட்டுப் போவதற்கு முதற்படி என்று பெரியவர்கள் நம்பிய நாட்கள் அவை. எழுதுகிற பெண்ணைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். நான் மூன்றாவது பெஞ்சியின் அருகில் நின்று பேசியதும் அதே பேச்சுத்தான். நூறு வருஷம் கழித்துப் பேசினேன் என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

1930-களின் தொடக்கத்தில் அவர் சிறை புகுந்தார். அங்கேயும் கதை எழுதுவது நிற்கவில்லை. யுத்த காலத்தில், ஜப்பான் விமானங்களுக்கு அஞ்சிச் சென்னை காலியானபோது, துறைமுகத்தை அடுத்த எங்கள் பக்கத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய அதே நாட்களில், சிங்கப்பெருமாள்கோவிலுக்கு இடம் பெயர்ந்து பத்திரிகையை நடத்தினார். 1956-ல் ஒரே புதல்வரைப் பறிகொடுத்தார். அந்த அடியிலிருந்து எழவில்லை. 1960-ல் தாம்பரம் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் காலமானார்.

நாம் அவருடைய சிறைவாசத்தை வைத்துக்கொண்டு நாவல்களை மறந்துவிட்டோம். மேடையில் அவர் நின்று கதர் உடுத்தச் சொன்னபோது ஸ்திரீகள் ஏன் காது கொடுத்தார்கள்? மாதந்தோறும் தங்களை அழவும் சிரிக்கவும் வைத்த அம்மாள் இவர்தான் என்று அவர்களுக்குத் தெரியும். இது என் ஊகம். எனினும் அந்தத் தாயார் படத்தை உற்றுப் பார்த்த பார்வையைக் கண்ட பிறகு, இந்த ஊகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவையும் அன்று அவரிடம் சொல்ல அவகாசமில்லை. பாதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தம்மா புக்கு ஒண்ணு குடுங்க டீச்சரம்மா, படிச்சிட்டுக் குடுக்கறேன்" என்றார்.

பள்ளி நூல் நிலையத்தின் அலமாரியைத் திறந்தேன். வை. மு. கோ.வைப் பற்றிய கட்டுரை அடங்கிய புஸ்தகங்கள் இரண்டு இருந்தன. அவர் எழுதிய நாவல் ஒன்றுகூட இல்லை. தேடித் தருவதாக வாக்களித்திருக்கிறேன். காசிமேட்டில் படகுகள் கரை சேரக் காத்திருக்கும் வேளையில் படிக்கவேண்டும். ஆகையால் எழுத்து சற்றே பெரிதாயிருந்தால் நலம். நேயர்கள் எவரிடமேனும் 'வைதேகி'யோ, 'அனாதைப் பெண்'ணோ பரண்மேல் இருந்தால் இந்தப் பத்திரிகையின் மூலம் தெரிவிக்கவேண்டுகிறேன். பத்திரமாகத் திருப்பித் தருவேன். பத்து வீடு சுற்றி வரும் வரையில் மட்டும் பொறுத்துக்கொள்ளவேண்டும்.