ஓடுகிறதே, பிறகென்ன?

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து கனடாவுக்கு வந்தவர்களுக்கு, வீட்டைச் சூடாக்க ஓர் இயந்திரம் வேண்டும் என்பதே புதிது. மழை குறைந்த வறண்ட பூமி என்பதால்தான் அங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. வெப்பம் தாராளமாகக் கிடைத்த ஊர். அதை விரட்டத்தான் ஏ.சி. வாங்கினோம். ஒன்டாரியோவில் ஜனவரிக் குளிரில் ஃபர்னஸ் நின்றுபோனால் தண்ணீர்க் குழாய்கூட உறைந்து வெடிக்கலாம். ஆனாலும் ஏ.சி.யைப் பார்த்த கண்ணால்தான் ஃபர்னஸையும் பார்க்கிறோம். சூடு வருகிறது, பிறகென்ன?

இந்த அளவுகோல் ஏ.சி.க்கே பொருந்தாது. ஊரில் கோடை பிறந்தால் 'கேஸ் குறைஞ்சிருக்கும், நிரப்பிடுங்க' என்பது வழக்கம். அந்த வாயு பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் காசுதான் கரையும். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் அப்படித்தான். சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரஸர் 16-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். இந்தியாவில் 2020 முதல் புது ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி வந்ததற்குக் காரணம் மின்சாரச் சிக்கனம். கனடா வந்தும் சிக்கனம் என்று நினைத்து, ஆளில்லாத அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடிவைக்கிறோம். இவ்வளவு காற்று ஓடவேண்டும் என்று கணக்கிட்டு அமைத்த இயந்திரம் அது. மூடிய துவாரமும் மாதக்கணக்கில் மாற்றாத ஃபில்டரும் அந்த ஓட்டத்தை நெரிக்கின்றன. கோடையில் ஏ.சி.யின் காயிலில் பனி பிடிக்கும். குளிர்காலத்தில் ஃபர்னஸ் உள்ளே அதிகம் சூடாகித் தானே அணைந்துவிடும்.

காசு போவதோடு முடிந்தால் பரவாயில்லை. கேஸ் ஃபர்னஸின் புகைவழி அடைத்தாலோ, உள்ளே வெப்பமாற்றித் தகட்டில் விரிசல் விட்டாலோ, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். சிலிண்டர் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும் என்று பழகியவர்கள் நாம். அந்த நாற்றம் நம்மை எச்சரிக்கவென்றே சேர்க்கப்படுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008-இல் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் கேஸ் கணப்பின் புகைவழி அடைத்து ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகே, 2013-இல், வீடுகளில் இந்த வாயுவுக்கான அலாரத்தைக் கட்டாயமாக்க ஒன்டாரியோவில் சட்டம் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை மதிக்க நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆபீஸ் என்று நாம் சொல்லும் ஆலையில் வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடிக்கவேண்டும். உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் இறங்கட்டும் என்று, மருந்தைத் தொடுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடவேண்டும். நேற்று ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு எதற்கு என்று அங்கே கேட்க முடியாது. விதி மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2012-இன் முதலிப்பட்டி வெடிவிபத்தும் 2021-இன் அச்சங்குளம் வெடிவிபத்தும் சாட்சி. வேலையிடத்தில் இருந்த இந்தப் புத்தி வீட்டு இயந்திரத்தின் முன் ஏன் மழுங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

சர்வீஸ் என்ற பேரில் ஏமாற்றுகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. டக்ட் எனும் காற்றுக்குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லி வரும் தொலைபேசித் தொல்லை ரொரன்ரோத் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். அந்தச் சுத்தத்தை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே சொல்கிறது. அந்த அழைப்புகளைத் தாராளமாகத் துண்டிக்கலாம். ஆனால் போலிகள் இருப்பதால் சோதனையே வீண் என்றாகிவிடாது. ஃபில்டரை நாமே மாற்றலாம், யாருக்கும் காசு தரவேண்டாம். எரியும் பகுதியை ஆண்டுக்கொருமுறை உரிமம் பெற்றவர் பார்க்கவேண்டும். அதைக் கைவைத்தியமாகச் செய்யக்கூடாது.

பனி கொட்டினால் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாயின் வாயை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்து, படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், தயங்காமல் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அதைப் பொருத்தித் தருவது சட்டப்படி அவர் பொறுப்பு.