கத்தரிக்குப் பயந்தால் கனி இல்லை!

லண்டனுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ராஜா ராணி படங்களைப் பார்த்து முடித்ததும் தோட்டத்துப் பக்கம் திரும்புங்கள். அங்கே ஒரு திராட்சைக் கொடி தனி வீட்டில் குடித்தனம் செய்கிறது!

நம் வீட்டுப் பந்தல் கொடி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இதன் அடித்தண்டின் சுற்றளவு 4 மீட்டர். மிக நீண்ட கிளை 36 மீட்டருக்கு மேல். 1768-ஆம் வருஷம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டக்காரர் லான்சலட் பிரவுன் நட்டது. இன்றைக்கும் வருஷத்துக்குச் சுமார் 270 கிலோ கறுப்புத் திராட்சை கொடுக்கிறது.

வெயிலில் செழிக்கும் கொடிக்கு இங்கிலாந்துக் குளிர் ஒத்துக்கொள்ளுமா? அதற்குத்தான் கண்ணாடி வீடு. இரண்டாம் மேரி ராணி தம்முடைய வெப்பநாட்டுச் செடிகளுக்காகக் கட்டிய கண்ணாடி வீட்டையே பிரவுன் இதற்கு ஒதுக்கினார். வேர் வெளியே மண்ணில். கிளைகள் உள்ளே கதகதப்பில். வேர் ஓடும் நிலத்தில் வேறு எதுவும் பயிரிடாமல் வெறுமனே விட்டிருக்கிறார்கள். புழக்கடையில் ஒரு முழம் இடம் கண்டால் நாலு கீரை விதை தூவிவிடும் நமக்கு இது ஆச்சரியந்தான்!

ஆனால், பழத்தின் ரகசியம் கண்ணாடியில் மட்டும் இல்லை, கத்தரியிலும் இருக்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கொடி தூங்கும்போது, முந்தின வருஷத்துக் குச்சிகளை ஒட்ட நறுக்குகிறார்கள். பார்த்தால் நமக்கு வயிறு எரியும். ஆனால் வசந்தத்தில் வரும் புதுத் தளிரில்தானே பூங்கொத்து!

இந்த ஆங்கிலக் கொடிக்கும் நமக்கும் என்ன உறவு என்கிறீர்களா? இதன் ஜாதிக்குப் பெயர் பிளாக் ஹாம்பர்க். இதற்கும், மத்தியதரைக் கடற்கரையின் மணமுள்ள அலெக்ஸாண்டிரியா மஸ்கட்டுக்கும் பிறந்த குழந்தை மஸ்கட் ஹாம்பர்க். அந்தக் குழந்தைதான் நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை! 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கம்பத்தில் பனிக்காலத் தூக்கம் ஏது? குளிர் செய்யும் வேலையை அங்கே கத்தரி செய்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறையாவது, குச்சிக்கு நாலைந்து கண்களை விட்டுக் கவாத்துச் செய்கிறார்கள். சுமார் நாலு மாதத்தில் பழம்.

உங்கள் வீட்டுப் பந்தலிலும் இலை அடர்ந்து, பழம் மட்டும் இல்லையா? தண்ணீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் இருந்தால், அடுத்த குறை கவாத்தாகத்தான் இருக்கும். குச்சி முற்றிப் பழுப்பேறியதும் கத்தரியை எடுங்கள். "ஐயோ, மாமியார் ஆசையாய் வைத்த கொடியாயிற்றே!" என்று கை நடுங்குகிறதா? அந்த மாமியாருக்குத் தட்டு நிறையப் பழம் கொண்டு வைக்க இதுதான் வழி, சகோதரி!