அம்மாவின் நாற்காலியில் ஒரு மைக்

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் 'எத்தனை வாட்ஸ்?' என்றுதான். அடுத்தது, 'பேஸ் நல்லா அதிருமா?' திருச்சியிலிருந்து ஒரு சனிக்கிழமை சென்னைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கிய அந்த வங்கி ஊழியர் கேட்டது வேறு.

"பேச்சு தெளிவா புரியுமா?"

கடைப் பையன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தான். "எல்லாமே கிளியரா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, கார் வெடித்துப் பறக்கிற காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினான். கார் வெடித்தது கிளியராகத்தான் இருந்தது.

கேள்விக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய அம்மா. 76 வயது. 30 வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவர். பழைய பெட்டி டி.வி. இருந்தவரை வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து படம் பார்த்தவர்தான். சுவரில் மாட்டுகிற 55 அங்குல டி.வி. வந்த பிறகு, 'என்ன சொன்னான்?' என்று அடிக்கடி கேட்க ஆரம்பித்தார். யாராவது வால்யூமை ஏற்றுவார்கள். 18-ல் இருந்தது 32-க்குப் போகும். சண்டைக் காட்சி வந்ததும் வீடே அலறும். கீழ்வீட்டிலிருந்து போன் வரும். வால்யூம் மறுபடி இறங்கும். கொஞ்ச நாளில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் ஹாலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். "நீங்க பாருங்கப்பா, எனக்குக் கண்ணு வலிக்குது" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். கண் வலிக்கிறவர் எதற்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதை முதலில் கவனித்தது மருமகள்தான்.

நல்ல வேளையாக, முதலில் கடைக்குப் போகவில்லை. காது டாக்டரிடம் போனார்கள். பரிசோதனை செய்து, வரைபடத்தைக் காட்டி விளக்கினார் டாக்டர். வயதாகும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் குறையும். 'அ', 'ஆ', 'ஓ' போன்றவற்றின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது, அவை கேட்டுவிடும். 'ச', 'ஸ', 'த' போன்றவற்றின் கூர்மை உயர்ந்த சுருதியில் இருக்கிறது, அது மழுங்கிப்போகும். சத்தம் வரும், சொல் வராது. அம்மா உடனே பிடித்துக்கொண்டார்: "அதாவது உயிரெழுத்து கேக்குது, மெய்யெழுத்து கேக்கலை. அப்படித்தானே?"

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். "பாக்கலாம்" என்றார் அம்மா. அந்தப் 'பாக்கலாம்' என்ன அர்த்தம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், பழி முழுவதையும் காதின்மேல் போட முடியாது. டி.வி. மெலிய மெலிய, ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. பல மாடல்களில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கிறது. பேச்சு நேராக முகத்துக்கு வராமல், சுவரிலும் அலமாரியிலும் முட்டி, குழம்பித்தான் வருகிறது. படத்தின் ஒலியோ தியேட்டருக்காகச் செய்யப்படுவது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தபோது அது பெரிய செய்தி. 2012-ல் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸில் வந்தது. இன்று பல சேனல் ஒலி இல்லாத பெரிய படமே கிடையாது. அதில் வசனத்துக்கென்று நடுவில் ஒரு தனித்தடம் உண்டு. தியேட்டரில் அது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும்; ஓரத்து சீட்டில் இருப்பவருக்கும் பேச்சு நடிகரின் வாயிலிருந்து வருவதுபோல் இருக்கும். வீட்டு டி.வி. என்ன செய்கிறது? வசனம், மழை, வயலின், வெடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இரண்டு குட்டி ஸ்பீக்கரில் கொட்டிவிடுகிறது. சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கொடுத்த மாதிரி.

ரிசீவர் என்கிற கருவியின் வேலையே அதைப் பிரித்துப் பரிமாறுவதுதான். டி.வி.யிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ வரும் ஒலியை வாங்கி, எந்தத் தடம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரித்து, பெருக்கி அனுப்புகிறது. வசனத் தடத்தை மட்டும் தனியாகக் கூட்டவும் முடியும். மகன் தேடியது இதைத்தான்.

டி.வி.க்குக் கீழே வைக்கிற ஒற்றை சவுண்ட்பார் போதாதா என்றால், நிறைய வீடுகளுக்குப் போதும். சிறிய ஹால், வாடகை வீடு, ஒயர் இழுக்க மனசில்லை என்றால் நடுச் சேனல் தனியாக உள்ள நல்ல சவுண்ட்பாரே புத்திசாலித்தனம். ரிசீவரின் லாபம் வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இன்றைக்கு முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர். அடுத்த வருடம் போனஸ் வந்தால் பின்பக்கம் இரண்டு. ஒரு ஸ்பீக்கர் போனால் அதை மட்டும் மாற்றலாம். ஸ்பீக்கரெல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் தருகிற மலிவு செட்டுகள் பலவற்றில் பிளக்கே தனி ரகம். ஒன்று போனால் மற்றதும் பரணுக்குப் போக வேண்டியதுதான்.

வாட்ஸ் கணக்கில் அவர் ஏமாறவில்லை. ஒரு காலத்தில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்மேல் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, அதன் நாகரிகமான தம்பி இன்றும் உண்டு. ஒரே ரிசீவருக்கு அட்டைப்பெட்டியில் 130-க்கு மேல் போட்டிருக்கும். கையேட்டின் உள்பக்கத்தில் 75 இருக்கும். இரண்டும் பொய்யில்லை. முதலாவது, ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 10 சதவிகிதம் ஒலி சிதைய விட்டு எடுத்த அளவு. இரண்டாவது, இரண்டு சேனலை 8 ஓம் ஸ்பீக்கரில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவிகிதத்துக்கும் கீழே வைத்து எடுத்த அளவு. பார்க்க வேண்டியது இரண்டாவதை. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். ஒரு சாதாரண ஹாலுக்கு 70, 80 வாட்ஸ் தாராளம்.

கடைக்காரர் அட்மாஸ் வாங்கச் சொன்னார். அதற்குக் கூரையிலோ உயரத்திலோ கூடுதல் ஸ்பீக்கர்கள் வேண்டும். கான்கிரீட் கூரையைத் துளை போடும் உத்தேசம் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஐந்து சேனல் ரிசீவர் ஒன்று, முன்பக்கத்துக்கு ஒரு ஜோடி, ஒரு சப்வூஃபர், மிச்சமிருந்த பணத்தில் பெரும்பகுதிக்கு நடு ஸ்பீக்கர். "சென்டர் ஸ்பீக்கருக்கு இவ்ளோ யாரும் போட மாட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். இவர் போட்டார்.

பொருத்த வந்தவர் மருமகளின் தம்பி. மணப்பாறைப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். காதுகுத்து, கோயில் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கர் கட்டிய கை. வந்ததும் முதலில் செய்த வேலை, டி.வி. அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைத்திருந்த நடு ஸ்பீக்கரை வெளியே இழுத்தது. "உள்ள வச்சா குகையில பேசற மாதிரி இருக்கும் மச்சான்" என்றார். பலகையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, முன்பக்கம் பேரனின் அழி ரப்பர் இரண்டை அடியில் கொடுத்து, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்க்கும்படி மேலே சாய்த்தார். பேச்சின் தெளிவுக்கு இந்த இரண்டு அழி ரப்பர் செய்த உபகாரம் பெரியது.

ஒயருக்குப் பெரிய செலவு செய்யவில்லை. நல்ல செம்பு ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர் கனம், எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது. அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு கொடுத்த மலிவு ஒயரும் கிடைக்கிறது. அதை மட்டும் தவிர்த்தார்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறிப்போனால் ஒன்றும் புகையாது. ஆனால் ஒலி உள்ளீடற்றுச் சப்பென்று ஆகிவிடும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் ரிசீவரைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

டி.வி.யில் நாலு ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும், 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் ஒன்றுதான் ஒலியை வெளியே ரிசீவருக்கு அனுப்பும். அதில் மாட்டியாயிற்று. சத்தமும் வந்தது. நடு ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தது. போட்டதில் பாதிப் பணம் அங்கே உட்கார்ந்திருக்க, இரவு 8 மணிக்கு வீட்டில் ஒரு மாதிரி மௌனம். ஒரு மணி நேரம் கழித்துப் பேரன் கண்டுபிடித்தான். டி.வி. அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'பி.சி.எம்.' என்று இருந்தது. அதாவது, டி.வி.யே எல்லாவற்றையும் இரண்டு தடமாகக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. 'பாஸ்-த்ரூ' என்று மாற்றியதும் நடு ஸ்பீக்கர் பேசியது. டி.வி. சேனல் சீரியல்கள் பெரும்பாலும் இரண்டு தடத்தில்தான் வருகின்றன. அவற்றுக்கு ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' முறையைப் போட்டால், இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலியை, அதாவது பேச்சை, பிரித்து நடுவுக்கு அனுப்பிவிடுகிறது. எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருகிற முறையும் ஒன்று உண்டு. கேட்க ஜோராக இருக்கும். பிறந்தநாள் விழாவுக்கு ஆகும், வசனத்துக்கு ஆகாது.

கடைசி வேலை, அறையை அளப்பது. ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'வ்வூப்... வ்வூப்...' என்று ஓர் ஒலியை அனுப்பி, தூரத்தையும் அளவையும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். முதலில் மைக் இருக்கும் இடம்தான் அந்த வீட்டின் 'முதல் சீட்'. வழக்கமாக சோபாவின் நடுவில் வைப்பார்கள். மைத்துனரும் அங்கேதான் வைத்தார். மகன் அதை எடுத்து, தூண் ஓரத்தில் இருக்கும் அம்மாவின் பிரம்பு நாற்காலிக்குக் கொண்டுபோனார். சோபாவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கோணலாகக் கேட்டால் கேட்கட்டும்.

மைக் இருக்கும்போது ஹாலில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஃபேன் நிறுத்தினார்கள். முதல் தடவை குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது தடவை தெருவில் ரெக்கார்டு குரலில் வெங்காயம் விற்றுக்கொண்டு ஒரு வண்டி போனது. கடைசியில் இரவு பத்தரைக்கு, வியர்க்க வியர்க்க, எல்லோரும் சமையலறையில் நின்றுகொண்டு முடித்தார்கள். "என் நாற்காலியில மைக் உக்காந்திருக்கு. நான் எங்கே உக்கார்றது?" என்றார் அம்மா.

ரிசீவர் போட்ட கணக்கை அப்படியே விடவில்லை. முன் ஸ்பீக்கர்களை 'பெரியது' என்று அது எழுதிக்கொண்டிருந்தது. 'சிறியது' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியெல்லாம் சப்வூஃபருக்கு என்று ஒதுக்கினார்கள். நடு ஸ்பீக்கரை 3 டெசிபல் கூட்டினார்கள். உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும் இரவு முறையை, ரிமோட்டில் எப்படிப் போடுவது என்று மருமகளுக்குக் காட்டினார்கள். ஒன்பது மணிக்கு மேல் சப்வூஃபர் கிடையாது; இது கீழ்வீட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ரிசீவர் சூடாகும், மேலே காற்று போக இடம் வேண்டும் என்பதால், டி.வி.க்குப் போட்டதுபோல அதற்கும் பூப்போட்ட உறை தைக்கக் கிளம்பிய அம்மாவைத் தடுக்க வேண்டியிருந்தது. ஐப்பசியில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது பேரனின் பொறுப்பு.

அடுத்த நாள் இரவு புதுப் படம் ஒன்று போட்டார்கள். வால்யூம் ஏற்றவில்லை. அம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அதாவது, பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஒரு 'என்ன சொன்னான்?' இல்லை. பிறகு சொன்னார்:

"இந்தப் பொண்ணுக்கு ழகரமே வரலை. யாருடா இதை நடிக்க விட்டது?"

அன்றிலிருந்து படம் முடியும்வரை இருக்கிறார். வீட்டில் படம் பார்ப்பவர்கள் இப்போது நடிகர்களின் உச்சரிப்புக்கு மார்க் போடுவதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகள் சமையலறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் பதிலில்லை. வந்து நின்று, "அத்தை, காபி வேணுமான்னு கேட்டேன்" என்றாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டி.வி.யில பேசறதெல்லாம் புரியுதும்மா. நீ பேசறதுதான் புரியலை" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "அந்த டாக்டர் ஒரு மெஷின் சொன்னாரே, வச்சுப் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாமான்னு கேளு" என்றார்.

வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறார்கள். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கென்று எடுத்துவைத்திருந்த பணம் இப்போது அதற்குப் போகிறது. பேரன் மட்டும் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.