கையைத் திருத்துமுன் பிள்ளையைப் பாருங்கள்

 

அஸர் தொழுகை முடிந்ததும் நம் ஊர்த் தெருக்களில் மென்பந்தும் மட்டையுமாகப் பிள்ளைகள் இறங்கி விடுவார்கள். எவரும் கற்றுக் கொடுக்காமலே எறிகிறார்கள், அடிக்கிறார்கள், பிடிக்கிறார்கள். அதே பிள்ளையைப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்த்த பின் சில வேளை நிலைமை தலைகீழாகிவிடுகிறது. என்னிடம் ஓத வரும் மாணவன் ஒருவனின் உம்மா ஒருநாள் கவலையோடு கேட்டார்: "மௌலவி, முழங்கை எங்க இருக்கணும், கால் எங்க வைக்கணும் என்டு யோசிச்சு யோசிச்சே மகனுக்கு இப்ப பந்து ஒழுங்காப் போகுதில்ல. இனி விளையாட மாட்டன் என்டு சொல்றான். காசு கட்டி அவன்ட ஆசையைக் கெடுத்துட்டமா?"

இது சிறிய கேள்வியன்று. இயல்பாக வருவதை அப்படியே விடுவதா, முறைப்படி திருத்துவதா? விளையாட்டு நமக்குப் புறம்பான விடயமும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அம்பெய்து பழகிய தோழர்களை உற்சாகப்படுத்தியிருக்கிறார்கள்.

நம் நாட்டு உதாரணங்கள் இரண்டைப் பாருங்கள். ரத்கமவைச் சேர்ந்த லசித் மாலிங்க கடற்கரை மணலில் மென்பந்து வீசி வளர்ந்தவர். அவரது கை தலைக்கு மேலாக வராது. கவண் சுழற்றுவது போலப் பக்கவாட்டில் வரும். பாடப் புத்தகப்படி அது பிழை. ஆனால் அவரது திறமையைக் கண்ட முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அந்தக் கையை மாற்றப் போகவில்லை. துடுப்பாட்டக்காரரின் பாதம் இருக்கும் இடத்தில் ஒரு சோடி சப்பாத்தை வைத்து, அதைக் குறிபார்த்து வீசிப் பழகினார் மாலிங்க. 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கட்டுகளை வீழ்த்தியது அந்தக் கைதான்.

முத்தையா முரளிதரனின் கதை வேறு. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மிதவேகப் பந்து வீச்சாளராக இருந்தார். அவரது 14 வயதளவில் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். 2010 இல் காலியில் தமது கடைசி டெஸ்ட் போட்டியில் அவர் 800ஆவது விக்கட்டை வீழ்த்தினார்.

ஒருவரை மாற்றவில்லை, மற்றவரை மாற்றினார்கள். இரண்டும் சரியாகவே அமைந்தன. ஏனெனில் இரு ஆசிரியர்களும் முதலில் எதிரே நின்ற பிள்ளையைப் பார்த்தார்கள். பிறகுதான் வாய் திறந்தார்கள்.

கொல்ப் விளையாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் பந்து அசையாமல் கிடக்கும். ஆடுபவருக்கு யோசிக்க நேரம் அதிகம். மணிக்கட்டு, இடுப்பு, தோள், தலை என ஒவ்வொன்றாக நினைத்தால் அடி குழம்பிவிடும். ஸ்பெயின் நாட்டின் பெட்ரேனா கிராமத்துச் செவே பலஸ்டெரோஸ் சிறுவயதில் ஒரு பழைய கோலை வைத்துக்கொண்டு கடற்கரையில் அடித்துப் பழகியவர். 1979 இல், 22 வயதில், பிரித்தானிய ஓபன் போட்டியை வென்றார். 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கப்ரியேலே வுல்ஃப் என்ற பெண் ஆய்வாளரும் அவரது துணையாளர்களும் புதிதாக கொல்ப் பழகியவர்களை இரு பிரிவாக்கினர். தம் கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் கோலின் வீச்சைக் கவனித்தவர்களே திருத்தமாக அடித்தனர். மாலிங்கவுக்குச் சப்பாத்து செய்த வேலையும் இதுதான். இலக்கைக் காட்டினால் கை தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

குர்ஆன் ஓதக் கற்பிக்கும் எங்களுக்கும் இது பழகிய விடயம். பிள்ளை முதலில் உஸ்தாதின் ஓதலைக் காதால் கேட்டு, வாயைப் பார்த்து ஓதுகிறது. இத்காம், இக்ஃபா என்ற பெயர்களெல்லாம் பிறகு வருபவை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் நாக்கின் நுனி, நடு, ஓரம் என்று விளக்கத் தொடங்கினால் அது வாயே திறக்காது. அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. எழுத்து மாறினால் பொருள் மாறும். அதை அன்றே திருத்த வேண்டும்.

விளையாட்டிலும் அப்படியே. தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாக உடலை முறுக்கி வேகப்பந்து வீசும் இளம் பிள்ளைகளுக்கு முதுகெலும்பில் வெடிப்பு ஏற்படும் அபாயம் உண்டு. அதை 'இயல்பு' என்று விட்டுவைப்பது அன்பல்ல, அலட்சியம். உடலைக் கெடுப்பதையும் விளையாட்டின் சட்டத்தை மீறுவதையும் திருத்தியே ஆகவேண்டும். பார்வைக்கு விசித்திரமாக இருப்பது மட்டும் குற்றமாகாது. அல்லாஹ் எல்லோரையும் ஒரே அச்சில் படைக்கவில்லையே!

ஆகவே, சகோதரிகளே, பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பினால் பயிற்றுவிப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: எதை மாற்றுகிறீர்கள்? ஏன் மாற்றுகிறீர்கள்? மாற்றாவிட்டால் பிள்ளைக்கு என்ன தீங்கு? நல்ல ஆசிரியர் இதற்குக் கோபிக்க மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும் என்றும் பணிவாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் "எத்தனை ஓட்டம்?" என்று கேட்குமுன் "இன்று ஆசையாக விளையாடினாயா?" என்று கேளுங்கள். ஆசை இருக்கும் பிள்ளை திருத்தத்தையும் ஏற்கும். ஆசை போய்விட்டால் எந்தத் திருத்தமும் பயன்படாது.

நம் பிள்ளைகளுக்குத் தந்திருக்கும் ஆற்றலை அறிந்து வளர்க்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.