'ஒரிஜினல்' வேணுமா, ஓடணுமா? - தாத்தாவின் ஃபியட்டும் எங்க வீட்டுப் பஞ்சாயத்தும்!

உங்கள் தெருவிலும் ஒன்று நிற்கும். தார்ப்பாய் போர்த்தி, காற்றில்லாத டயர்கள் தரையோடு அமுங்கி, பானட் மேல் பூனை தூங்கும் ஒரு பழைய கார். 'இதை ஏன் இன்னும் விக்காம வச்சிருக்காங்க?' என்று நினைத்தபடி கடந்துபோயிருப்பீர்கள். பாளையங்கோட்டையில் அப்படி எல்லோரும் கடந்துபோன கார், எங்கள் தாத்தாவின் 1978 மாடல் பிரீமியர் பத்மினி.

இன்றைய தலைமுறைக்காக ஒரு சின்ன அறிமுகம். இத்தாலியின் ஃபியட் 1100 காரை, பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் பம்பாயின் குர்லாவில் தயாரித்தது. 1974-ல் அதற்குப் 'பத்மினி' என்று பெயர் மாறியது. ஆனாலும் நம் ஊரில் கடைசிவரை அது ஃபியட்தான். 1,089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் கம்பி, முன்னால் மூன்று பேர் உட்காரும் நீளமான ஒரே சீட். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1964-ல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கி எடுத்ததும் ஃபியட்தான். அவர் மறைந்த பிறகு அந்தக் கடனை அடைத்தவர் அவர் மனைவி லலிதா சாஸ்திரி. நடுத்தரக் குடும்பங்களுக்கு அப்போது கார் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்த தாத்தா, 1986-ல் இதை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 2009-ல் கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை நிறுத்தினார். 2012-ல் தாத்தா போய்ச் சேர்ந்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

போன வருடம் கார் ஷெட் சுவர் விரிசல் விட்டது. இடித்துக் கட்ட வேண்டும். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து, எடைக்கு 22,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். முடிவெடுக்க வேண்டியவர் ஆச்சி. 79 வயது. தீர்ப்பு அரை நிமிடத்தில் வந்தது.

"ஓடுனா ஷெட்டைக் கட்டுங்க. ஓடலேன்னா எடைக்குப் போடுங்க. செத்த மாட்டுக்கு எதுக்குடே தொழுவம்?"

அப்பாவின் கணக்கு

அப்பாவுக்கு அவசரமாக ஓர் ஆசை வந்தது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய, சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். எங்கள் காருக்கு 2028-ல் 50 வயது. "எங்கப்பா வச்சிருந்தப்ப எப்படி இருந்துச்சோ, ஒரு ஸ்க்ரூ மாறாம அப்படியே வரணும்" என்றார் அப்பா.

மெக்கானிக் அண்ணாச்சி அறுபதைத் தாண்டியவர். ஃபியட், அம்பாசடர் இரண்டிலும் கை பழகியவர். காரைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, உங்களுக்கு ஒரிஜினல் வேணுமா, ஓடணுமா?"

இரண்டும் வேண்டும் என்றார் அப்பா. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்.

16 வருடம் நின்ற காரில் சாவியைத் திருகினால் எதுவும் நடக்காது. பிஸ்டன்கள் சிலிண்டருக்குள் இறுகிப்போயிருந்தன. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். எட்டாம் நாள் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றியதும் இன்ஜின் அசைந்து கொடுத்தது. பெட்ரோல் டேங்கில் இருந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி இருந்தது. ரப்பர் குழாய்கள் எல்லாம் விரல் பட்டதும் உதிர்ந்தன.

பார்ட்ஸ் தேடும் வேலை எனக்கு வந்தது. சென்னையில் எனக்கு வார விடுமுறை என்றால் புதுப்பேட்டைதான். பழைய வாகன பாகங்களுக்கென்றே இருக்கும் தெருக்கள். ஒரு கடை முழுக்கக் கதவுகள், இன்னொன்றில் மீட்டர்கள் மட்டும். நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, அண்ணாச்சி "அது இல்ல தாயி, அதுக்குப் பக்கத்துல இருக்குல்லா, அது" என்று பதில் போடுவார். ஃபியட் பாகம் பாதிதான் கிடைத்தது. மீதிக்கு வேறு வண்டிகள் கைகொடுத்தன.

டைனமோ இருந்த இடத்தில் மாருதி 800-ன் ஆல்டர்னேட்டர். அதைப் பொருத்தும் பிராக்கெட்டை லேத் பட்டறையில் கடைந்தோம். ரேடியேட்டருக்குப் பின்னால் வேறொரு சின்ன காரின் மின்விசிறி. வைப்பர் மோட்டார் ஒரு லோடு வண்டியுடையது. ஹாரன் எந்த வண்டியுடையது என்று அண்ணாச்சிக்கே தெரியாது. ஒவ்வொன்று வரும்போதும் அப்பாவின் முகம் சுருங்கியது.

உரித்ததும் தெரிந்த நீலம்

பெயின்ட்டை உரிக்கும்போதுதான் அது நடந்தது. வெள்ளை காரில் இடது பக்க முன்கதவு மட்டும் உள்ளே நீலமாக இருந்தது. வேறொரு ஃபியட்டின் கதவு. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்சீட்டுக்குள் பஸ் சீட்டுக்குப் போடும் ரெக்சின். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகளில் இரண்டு அம்பாசடருடையவை. அப்பா சின்ன வயதிலிருந்து 'ஒரிஜினல்' என்று நம்பிய கார், ஏற்கெனவே பல வண்டிகளின் கூட்டணி!

ஆச்சி உள்ளே போய் தாத்தாவின் கணக்கு நோட்டை எடுத்துவந்தார். 1993 ஜூன் மாதப் பக்கம். லாரி உரசி நசுங்கிய கதவுக்குப் புதுசு என்ன விலை, பழசு என்ன விலை என்று இரண்டு தொகைகள். புதுசு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தாத்தாவின் குண்டு எழுத்தில் ஒரு வரி: 'பெரியவன் காலேஜ் அட்மிஷன் இருக்கு. பழசு போதும்.'

பெரியவன், என் அப்பா. அந்தப் பக்கத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை. மறுநாள் அண்ணாச்சியிடம், "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் போடுங்க அண்ணாச்சி" என்றார்.

எதைக் கலக்கலாம், எதைக் கலக்கக் கூடாது?

அதற்காக அண்ணாச்சி கண்டதையும் போட்டுவிடவில்லை. அவரிடம் தெளிவான கோடு ஒன்று இருந்தது. மின்சாரம், விசிறி, சீட், கைப்பிடி... இவற்றில் எந்த வண்டியும் எந்த வண்டிக்கும் உறவு. பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் உறவுமுறை கிடையாது. வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், லைனிங் எல்லாம் இதே மாடலுக்கு, இதே அளவில், புதிதாக மட்டுமே. அவை கிடைக்க ஏழு வாரம் ஆனது. அதுவரை காரை ஓர் அடி நகர்த்த விடவில்லை.

தெரிந்தவர் ஒருவர், "பேசாம மாருதி இன்ஜினையே தூக்கி வச்சிரலாமே" என்றார். அண்ணாச்சி மறுத்துவிட்டார். "ஆர்.சி. புக்குல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேஸி நம்பரும்தான் இதுக்கு ஆதார் கார்டு. அதை மாத்துனா இது வேற ஆளு." ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டமும் ஏற்பதில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம்: இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் அதில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால், அதைத் தாங்கும் குழாய்களாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

அடுத்து பதிவுப் புதுப்பிப்பு. 2022 ஏப்ரலுக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 15 வயது தாண்டிய கார்களுக்கு 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 20 வயது தாண்டியவற்றுக்கு 10,000. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் தனி. பட்டறைச் செலவு மட்டும் 1,30,000 ரூபாயைத் தொட்டது. லாபக் கணக்குப் பார்த்தால் 22,000-த்தை வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

சரி, 'விஏ' நம்பர்? இன்ஜினும் சேஸியும் பாடியும் மாறாததால் அப்பா 2028-ல் முயற்சி செய்யலாம். ஆனால் விதியில் இன்னொரு வரியும் உண்டு. அந்த நம்பர் வாங்கிய காரைக் கண்காட்சி, ராலி மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது.

இதைக் கேட்ட ஆச்சி, "அப்ப என்னைய எப்படிட்டி கிருஷ்ணாபுரம் கூட்டிட்டுப் போவிய?" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. புரட்டாசி சனிக்கிழமை, முன்சீட்டில் அப்பா, நடுவில் நான், ஜன்னலோரம் ஆச்சி. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் வரை ஒரே இடத்தில்தான் நின்றது, அதுவும் ஆச்சி பூ வாங்க.

பழையதை மீட்பது என்றால், அதை ஒரு தேதியில் உறையவைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தாத்தா அப்படி வைத்திருக்கவில்லை. வீட்டுக்கு எது முக்கியமோ அதற்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கிறார். நாங்களும் அதையேதான் செய்திருக்கிறோம்.

கார் இப்போது மறுபடி வெள்ளை. இடது பக்க முன்கதவைத் திறந்தால் மட்டும் உள்ஓரத்தில் ஒரு நீலக் கோடு தெரியும். அதன் மேல் பெயின்ட் அடிக்க அப்பா விடவில்லை.